ஒலீட்டாவும் அரசாங்கத்தின் பன்னிரண்டு மாதங்களும்

எங்கள் பட்டறையில் ஒலீட்டா காடிலின் தையல் மெஷின் என் மெஷினுக்கு இடது பக்கம். இருபத்தொரு வருஷம் அப்படியே உட்கார்ந்திருக்கிறோம். அவள் தும்மினால் என் தையல் கோணிக்கொள்ளும், அவ்வளவு நெருக்கம். அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் ஒருவர்தான், அவள் புருஷன் டெல்மர். அவர் பேச ஆரம்பித்தால் பாதியில் மீன்பிடிக்கப் போன கதைக்குத் தாவிவிடுவார். அதனால் நானே சொல்கிறேன்.

கென்டக்கி மலைக்குள் பிரஷி ஃபோர்க் சின்ன ஊர். அதில் லெட்பெட்டர் கான்வாஸ் பட்டறையில் நாங்கள் முப்பத்திரண்டு பேர். தடித்துணியில் பை தைப்போம். கூடாரக் கம்பி வைக்கும் நீளப் பை, ஸ்ட்ரெச்சர் உறை, காட்டிலாகாக்காரர்கள் முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை. எல்லாவற்றையும் வாங்குவது ஒரே வாடிக்கையாளர், மத்திய அரசாங்கம். பெரும்பாலும் பட்டாளம்.

அந்த வாடிக்கையாளரின் குணத்தைச் சொல்ல வேண்டும். செப்டம்பர் வந்தால் பேய் பிடித்தது போல வாங்கும். தைத்துத் தைத்து எங்கள் விரல் வீங்கி மோதிரம் கழலாது. கணவன்மார்களே சமைத்து, அதை அவர்களே சாப்பிட வேண்டிய தண்டனையும் அந்த மாதம்தான். அப்புறம் அக்டோபர் பிறந்ததும் யாரோ குழாயை மூடியது போல நின்றுவிடும். மிச்சமீதி வேலையைத் தைத்து முடிப்போம். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் சாப்பிட்ட வான்கோழி செரிப்பதற்குள் முதலாளி ராய்ஸ் லெட்பெட்டர் மெஷின்களுக்கு நடுவே வந்து நின்று தொப்பியைக் கழற்றுவான். தொப்பி கழன்றாலே எங்களுக்குத் தெரியும்.

"ஆர்டர் இல்ல. ஏப்ரல்ல கூப்பிடுறேன்."

நாலு மாதம் வேலையில்லாதவர் உதவித்தொகையில் ஓட்டுவோம். ஒலீட்டா மலிவுக் கடையில் சாமான் அடுக்கப் போவாள். நான் என் அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். வருஷா வருஷம் இதேதான். மழை பெய்கிற மாதிரி, பனி விழுகிற மாதிரி, இதுவும் ஒன்று என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

ஒலீட்டாவால் அப்படி இருக்க முடியவில்லை. அவள் குட்டை, அகலம், ஐம்பத்திரண்டு வயது. மனதில் ஒரு கேள்வி விழுந்தால் காலணிக்குள் விழுந்த கல் மாதிரி, எடுக்கும்வரை நடக்கமாட்டாள். குளிர்காலத்தில் கோழி ஏன் முட்டை இடுவதில்லை என்று ஒரு வருஷம் முழுக்கத் தினமும் முட்டையை எண்ணி, சூரியன் மறையும் நேரத்தையும் பக்கத்திலேயே எழுதி வைத்தவள்.

அந்த வருஷமும் ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான். இவள் எழுந்து நின்றாள். "ஏன்ப்பா ராய்ஸ், ஒவ்வொரு வருஷமும் இப்படியே ஏன் ஆகுது?"

ராய்ஸும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவனுக்கும் அன்று மனசு சரியில்லை போல. "என்னைக் கேட்டா? போய் வாஷிங்டனைக் கேளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஜனவரியில் ஒரு நாள் அவள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அடுப்படி மேஜையில் பழைய ஆர்டர் தாள் ஒன்று கிடந்தது. அடியில் வாங்கும் அதிகாரியின் பெயரும் நம்பரும் இருந்தன.

"வாஷிங்டன் இல்லடி, பிலடெல்பியா. இருந்தாலும் கேப்போம்" என்றாள்.

"அடியே, பைத்தியமா உனக்கு? அவங்க நம்ம ஆர்டரையே நிறுத்திடப் போறாங்க."

"இல்லாத ஆர்டரை எப்படிடி நிறுத்துவாங்க?"

மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பெண் குரல், கனமாக, நிதானமாக இருந்தது. "பெட்டிஃபோர்ட் பேசறேன்."

"அம்மா, நான் கென்டக்கியில பை தைக்கிறவ. ஒரு சின்னக் கேள்வி. நீங்க ஏன் செப்டம்பர்ல மட்டும் வாங்குறீங்க?"

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன் கண்ணு. தைக்கிறவங்க யாரும் இதைக் கேட்டதில்ல. கேளுங்க. அரசாங்கத்துக்கு வருஷப் பிறப்பு அக்டோபர் ஒண்ணு. ஆனா பட்ஜெட் என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு? வர்ற வரைக்கும் பழைய அளவிலேயே செலவு பண்ணு, புதுசா எதையும் தொடங்காதேன்னு சொல்லிடுவாங்க. பணம் எங்க கைக்கு வர்றப்போ பனி உருகியிருக்கும். அதை செப்டம்பர் முப்பதுக்குள்ள செலவழிக்கலைன்னா போச்சு. அப்புறம் என்ன, எல்லா ஆபீசும் ஒரே நேரத்துல என் மேஜைக்கு ஓடி வரும். செப்டம்பர்ல எனக்குச் சாப்பாடே நின்னுக்கிட்டுதான்."

"இதெல்லாம் எங்கேயாவது எழுதியிருக்குமாம்மா? மாசாமாசம் எவ்வளவு வாங்கினீங்கன்னு?"

"எல்லாம் பொதுவுல கிடக்கு கண்ணு. யாரும் பார்க்கலாம். உங்க வரிப் பணம்தானே!" என்று அந்த வலைத்தளத்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

ஒலீட்டா வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஊர் நூலகத்தில் மூன்று இருந்தன. மறுநாளே போய் உட்கார்ந்தாள். தடித்துணிச் சாமான்களுக்கு அரசாங்கம் ஏழு வருஷமாக ஒவ்வொரு மாதமும் எவ்வளவு செலவழித்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். படுக்கையறைக்கு வாங்கி மிஞ்சிய சுவர்க்காகிதச் சுருளைத் திருப்பிப் போட்டு, மாதத்துக்கு ஒரு கட்டம் வரைந்து, செலவுக்குத் தக்க உயரத்தில் நீலப் பென்சிலால் நிரப்பினாள். அக்டோபர் குட்டி, நவம்பர் குட்டி, ஜனவரி தரையோடு தரை. மார்ச்சில் தலை தூக்கி, ஜூனில் இடுப்பளவு, செப்டம்பரில் காகிதத்தின் மேல் விளிம்பைத் தாண்டிவிட்டது. மேலே இன்னொரு துண்டு ஒட்டினாள்.

டெல்மர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் தரை முழுக்க விரித்திருந்ததைப் பார்த்தார்.

"என்னம்மா இது, நம்ம பின்பக்கத்து மலையை வரையிறியா?"

"அரசாங்கம்."

"ஓ. அரசாங்கத்து மேல காலை வைக்காம அடுப்புக்கிட்ட எப்படிப் போறது?"

"செருப்பைக் கழட்டிட்டுப் போங்க."

ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி நூலகத்துக்குப் போய்ப் புதுக் கணக்கை எழுதி வந்தாள். எழுதிய தேதியையும் கீழே சிவப்புப் பென்சிலால் குறித்தாள். கோழி முட்டை காலத்துப் பழக்கம். ஏப்ரலில் எங்களை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அந்த மாதம் பத்தாம் தேதிதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன அக்டோபருக்கும் நவம்பருக்கும் ஜனவரியில் அவள் எழுதிவைத்த எண்கள் இப்போது திரையில் வேறாக இருந்தன. அக்டோபர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருந்தது. டிசம்பரும் வளர்ந்திருந்தது.

"நான் தப்பா எழுதியிருக்கேன் ட்வைலா. கண்ணு போயிடுச்சு எனக்கு" என்று என்னிடம் வந்து முகத்தைத் தொங்கப் போட்டாள். மலிவுக் கடையில் புதுக் கண்ணாடி வாங்கி மறுபடியும் போய்ப் பார்த்தாள். எண் மாறவில்லை. மறுபடியும் பிலடெல்பியாவுக்குப் போன்.

"நீங்க தப்பு பண்ணல கண்ணு" என்றார் பெட்டிஃபோர்ட் அம்மாள். "பட்டாளம் வாங்குறதைத் தொண்ணூறு நாள் மூடி வெச்சுத்தான் வெளியில காட்டுவாங்க. எப்ப பார்த்தாலும் கடைசி மூணு மாசம் மெலிஞ்சுதான் தெரியும். அது மெலிவு இல்ல, தாமதம். இதைத் தெரியாம எத்தனை பேரு பயந்து ஓடியிருக்காங்க தெரியுமா?"

அன்றைக்கு அதை ஒரு வேடிக்கையாகத்தான் எனக்குச் சொன்னாள். நானும் கேட்டுவிட்டு மறந்துவிட்டேன்.

மே மாதம் பாதியில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ராய்ஸ் வந்து நின்றான். கழற்றிய தொப்பி கையில். கூடவே கம்ப்யூட்டரில் எடுத்த ஒரு தாள். மே மாதத்தில் தொப்பி கழன்றதை நாங்கள் பார்த்ததே இல்லை. எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினோம்.

"அரசாங்கம் வாங்குறது குறைஞ்சுக்கிட்டே போகுது. ஜனவரியைவிட பிப்ரவரி கம்மி. பிப்ரவரியைவிட மார்ச் கம்மி. ஏப்ரல்ல ஒண்ணுமே இல்ல. போன வருஷத்துல பாதிகூடத் தேறாது. சாமான் அடைக்கிற கிடங்கா மாத்தணும்னு ஒருத்தர் இந்தக் கட்டடத்தைக் கேக்குறார். ஜூலை நாலு, சுதந்திர தினத்துக்கு முன்னாடி கொடுத்துடலாம்னு இருக்கேன். என் மனசு என்னன்னு உங்களுக்கே தெரியும்." அவன் நல்லவன். அவன் அப்பா தொடங்கிய பட்டறை அது.

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஒலீட்டா கையிலிருந்த சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். "ராய்ஸ், அந்தத் தாளை எங்கேர்ந்து எடுத்தே?"

"அரசாங்கத்தோட வலைத்தளத்துல."

"என்னைக்கு?"

"நேத்து."

"அப்படியே நில்லு. எங்கேயும் போயிடாத."

வெளியே போய் டெல்மருக்குப் போன் செய்தாள். இருபது நிமிஷத்தில் மஞ்சள் பஸ் ஒன்று எங்கள் வாசலில் வந்து மூச்சு விட்டது. உள்ளே ஒரு பிள்ளை இல்லை. முன் சீட்டில் பெல்ட் மாட்டிய சுவர்க்காகிதச் சுருள் மட்டும்.

"இந்த வழியில இதுவரைக்கும் ஏறினதிலேயே ஒழுங்கா உக்காந்து வந்த ஆளு இதுதான்" என்று டெல்மர் அதைத் தோளில் தூக்கி வந்தார்.

துணி வெட்டும் நீள மேஜையில் விரித்தோம். அப்படியும் இடம் போதாமல் ஓரம் தொங்கியது. பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கத்தரிக்கோல் வைத்தோம். ஒலீட்டா விரலை வைத்துக் காட்டினாள்.

"இது ஜனவரி. பிப்ரவரி பத்தாம் தேதி நான் பார்த்தப்போ இவ்வளவுதான். ஏப்ரல்ல பார்த்தேன், கொஞ்சம் வளந்துச்சு. போன வாரம் பார்த்தேன், இந்தா, இவ்வளவு உசரம். ஜனவரி முடிஞ்சு எத்தனை நாளாச்சு? முடிஞ்சுபோன மாசம் எப்படி ராய்ஸ் வளரும்?"

ராய்ஸ் குனிந்து பார்த்தான். சிவப்புத் தேதிகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தான்.

"பட்டாளம் மூணு மாசம் கழிச்சுத்தான் காட்டும். நாம தைக்கிறதுல முக்கால்வாசி பட்டாளத்துக்கு. உன் தாள்ல குறைஞ்சிருக்குன்னு தெரியுது பாரு, அது குறையல. இன்னும் வரல, அவ்வளவுதான். போன வருஷம் மே மாசத்துல நீ பார்த்திருந்தாலும் இதே சரிவுதான் தெரிஞ்சிருக்கும். அந்த வருஷம் செப்டம்பர்ல என் மோதிரம் கழலல, ஞாபகம் இருக்கா?"

"இவ்வளவு நாளா இதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதானே வாஷிங்டனைக் கேளுன்னே? கேட்டுட்டு வந்திருக்கேன்."

எல்லாரும் சிரித்துவிட்டோம். ராய்ஸும்தான், ஒரு பக்கமாக. ஆனால் வியாபாரி அல்லவா, சும்மா விடவில்லை. "உன் பேச்சை நம்பி நான் வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பி, நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா?"

ஒலீட்டா மார்ச் மாதக் கட்டத்தில் விரலை வைத்தாள். "ஜூன் பத்து வரைக்கும் பொறு. அன்னைக்கு மார்ச் மாசக் கட்டம் எழும்பணும். எழும்பலைன்னா வித்துடு. சாவியை நானே கொண்டுபோய் அவர் கையில கொடுக்குறேன்."

ஜூன் பத்தாம் தேதி, பட்டறை திறக்கும் முன்பே முப்பத்திரண்டு பேரும் நூலகத்துக்குள் நுழைந்தோம். நூலகக்காரி வாயில் விரல் வைத்தாள். ஒலீட்டா உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டினாள். ராய்ஸ் அவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கம் திறக்கும்வரை நான் திரையைப் பார்க்காமல் அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் எழும்பியிருந்தது. மே மாதம் பார்த்ததைவிட இரண்டேகால் மடங்கு. போன வருஷத்து மார்ச்சையும் தாண்டியிருந்தது.

நாங்கள் போட்ட கூச்சலில் நூலகக்காரி எங்களை வெளியே துரத்தினாள். துரத்திவிட்டு என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னதும் அவளும் ஒரு கூச்சல் போட்டாள். ராய்ஸ் தொப்பியைத் தலையில் நன்றாக அழுத்திக்கொண்டு, வாங்க வந்தவருக்கு அங்கேயே நின்று போன் செய்தான். "மன்னிக்கணும் சார். எங்க கணக்கு வேற மாதிரி சொல்லுது."

ஒலீட்டா அதோடு விடவில்லை. ஏழு வருஷத்தில் எந்தப் பையை எந்த மாதம் கேட்டார்கள் என்றும் அவள் பிரித்து எழுதியிருந்தாள். கூடாரக் கம்பிப் பை ஒவ்வொரு வருஷமும் கோடை கடைசியில் அவசர அவசரமாகக் கேட்கப்பட்டது. நாங்கள் ஒவ்வொரு வருஷமும் அறுபது நாள் ஆகும் என்று சொல்லி, பாதி ஆர்டரை வேறு பட்டறைகளிடம் விட்டோம்.

"கேக்குறதுக்கு முன்னாடியே தைச்சு வெச்சுட்டா?" என்றாள்.

"கேக்கலைன்னா?" என்றான் ராய்ஸ்.

"ஏழு வருஷம் கேட்டிருக்காங்கப்பா."

துணி வாங்க ராய்ஸ் தன் மீன்பிடிப் படகை விற்றான். அதில் கூடப் போய் மீன் பிடித்த டெல்மர்தான் அழுதார். மிச்ச ஜூனும் ஜூலை முழுக்கவும் யாரும் கேட்காத பைகளைத் தைத்தோம். ஆகஸ்ட் பாதியில் ஆயிரத்து நானூறு பை கூரையைத் தொட அடுக்கிக் கிடந்தது. ஒரு ஆர்டர் இல்லை.

"ஒலீட்டா, இத்தனை பையையும் உன் வீட்டுக்கு அனுப்பட்டுமா? கோழிக்கு ஆளுக்கொரு மெத்தை போடலாம்" என்று நான் சீண்டினேன்.

"வாயை மூடிக்கிட்டுத் தைடி." அன்று அவள் சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனாள். எனக்குத்தான் சங்கடமாகப் போனது.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி முதல் ஆர்டர் வந்தது. இருநூறு பை. "எப்போ அனுப்புவீங்க?" என்று கேட்டதற்கு ராய்ஸ், "லாரி எப்போ வருமோ அப்போ" என்றான். அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டாராம். செப்டம்பரில் மேலும் மூன்று ஆர்டர்கள் வந்தன. செய்தி எப்படியோ பரவிவிட்டது. பிரஷி ஃபோர்க்கில் கையில் சரக்கு இருக்கிறது.

செப்டம்பர் முப்பது, மத்தியானம் மூன்று மணி. ராய்ஸின் அறையில் போன் அடித்தது. அவன் கதவைத் திறந்து, "ஒலீட்டா! பிலடெல்பியா! உன்னைத்தான் கேக்குறாங்க!" என்று கத்தினான். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"கண்ணு, நான் நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் பெட்டிஃபோர்ட் அம்மாள். "இன்னைக்கு முடியறதுக்குள்ள அறுநூறு கூடாரக் கம்பிப் பைக்கு நான் கையெழுத்துப் போட்டாகணும். மூணு பட்டறையைக் கேட்டுட்டேன். பதினஞ்சு நாளுல யாராலயும் முடியாதாம். உங்ககிட்ட எவ்வளவு இருக்கு?"

ஒலீட்டா வாசலுக்கு வந்து அடுக்கைப் பார்த்தாள். காலையில்தான் நான் எண்ணியிருந்தேன். விரலால் காட்டினேன்.

"அறுநூத்திப் பத்தும்மா."

"விலையை எழுதி உடனே அனுப்பச் சொல்லுங்க. மத்தவங்களைவிட ஒரு காசு கூட இருந்தாலும் நான் வாங்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"தெரியும்மா. நீங்க அப்படித்தான் இருக்கணும்."

நாலே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்ட தாள் வந்தது. ராய்ஸ் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெஷின்களுக்கு நடுவே ஓடினான். ஐம்பத்து மூன்று வயது ஆள். துணிச் சுருள் தடுக்கிப் பைக் குவியல் மேல் விழுந்து, எழுந்திருக்க மனசில்லாமல் அங்கேயே படுத்துச் சிரித்தான்.

மறுநாள் அக்டோபர் ஒன்று. ஒலீட்டா காலையில் பெரிய பானையோடு வந்தாள். அதில் பன்றிக்கறி போட்டு வேகவைத்த காராமணி. என் பங்குக்கு முட்டைக்கோஸும் சோள ரொட்டியும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். புத்தாண்டு பிறந்தால் எங்கள் பக்கத்தில் இதைத்தான் சாப்பிடுவோம், வருஷம் நல்லபடி போகும் என்று.

"நம்ம வாடிக்கையாளருக்கு இன்னைக்குத்தான்டி வருஷப் பிறப்பு. அவங்க கொண்டாடறாங்களோ இல்லையோ, நாம கொண்டாடுவோம்" என்றாள்.

வெட்டும் மேஜையில் இலை போட்டது போலக் காகிதம் விரித்து முப்பத்திரண்டு பேரும் சாப்பிட்டோம். டெல்மர் சுதந்திர தினத்துக்கு வாங்கி மிஞ்சிய பட்டாசைப் பட்டப்பகலில் வெடித்தார். சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்தி என்ன என்று கேட்டார்கள். "புத்தாண்டு வாழ்த்து!" என்று நாங்கள் கத்தினோம். குழம்பிப்போன இருவர் உள்ளே வந்து காராமணியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ராய்ஸ் யாரையும் நிறுத்தவில்லை. வாரத்துக்கு நாலு நாள் வேலை, அடுத்த கோடைக்கான பை. செவ்வாய்க்கிழமைகளில் ஒலீட்டாவுக்குத் தையல் கிடையாது. முன்னறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கணிசமான சம்பள உயர்வு. மெஷினை மட்டும் விட்டுத்தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மற்ற மூன்று நாளும் என் பக்கத்தில்தான்.

ஜனவரியில் ஒரு நாள் வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே அத்தனை மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஒலீட்டா முகத்தைச் சுளித்துக்கொண்டு தைத்தாள்.

"என்னடி?" என்றேன்.

"ஒவ்வொரு ஜனவரியும் கடைக்குப் போகாத நாள்ல வீட்டுல உக்காந்து ஒட்டுப்போர்வை தைப்பேன். என் தங்கச்சி மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகுது. இந்த வருஷம் எங்கே நேரம்?"

"போய் ராய்ஸைக் கேளேன், ஒரு வாரம் லீவு."

போய்க் கேட்டாள். சம்பளத்தோடு ஒரு வாரம் கொடுத்தான். எங்களில் யாருக்கும் குளிர்காலத்தில் சம்பளத்தோடு லீவு கிடைத்ததில்லை, அதனால் அடுத்த நாளே பதினோரு பேர் வரிசையில் நின்றோம். போர்வை மஞ்சளும் பச்சையுமாக அமைந்தது. பெண் குழந்தை. பிப்ரவரிக் குளிரில் அதற்குள் சுருண்டுகொண்டு, எட்டு பவுண்டு எடையோடு, ஊருக்கே கேட்கிற குரலில் அழுதது.